என் முகவரியிலிருந்து எனக்கே வந்த மிரட்டல்

மின்னஞ்சலைத் திறந்தால் எல்லோரும் முதலில் இன்பாக்ஸைப் பார்ப்பார்கள். நான் ஸ்பாம் பெட்டியைத்தான் முதலில் பார்ப்பேன். இன்பாக்ஸில் இருப்பது, இவனுக்குக் காட்டலாம் என்று இணையக் கம்பெனிக்காரர்கள் முடிவு செய்தது. ஸ்பாமில் கிடப்பது, காட்ட வேண்டாம் என்று ஒதுக்கியது. யாரைக் கேட்டு ஒதுக்குகிறார்கள் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. மகள் பள்ளி முடித்த வருடம் ஒரு கல்லூரியின் சேர்க்கை அழைப்பு அந்தப் பெட்டியில் போய் விழுந்துகிடந்தது. தற்செயலாகப் பார்த்ததால் தப்பித்தோம். அன்றைக்கு இணையக் கம்பெனிக்கு போன் போட்டுக் கத்தினேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் விழும் ஒவ்வொன்றையும் திறந்து படிப்பது வழக்கமாகிவிட்டது. படித்துவிட்டுப் பாதிக்கு மேல் ‘இது ஸ்பாம் அல்ல’ என்ற பொத்தானை அழுத்தி வெளியே எடுத்துவிடுவேன். வழுக்கைக்கு எண்ணெய், கனடாவில் வேலை, குலுக்கலில் கார். பத்தில் ஒன்று உண்மையாக இருந்துவிட்டால்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். அந்தப் புத்தியைத் தொழிற்சாலை கேட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர எனக்குத் தெரியவில்லை. திருமுல்லைவாயிலில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கூரியர் வந்தால் கம்பிக் கதவின் இடுக்கு வழியாகத்தான் வாங்குவேன். காஸ் அடுப்பைச் சோதிக்க வந்தவரின் அடையாள அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அவரைச் சமையலறைக்குள் விட்டேன். “நீங்க கதவத் தொறக்கறதுக்குள்ள அந்த மனுஷன் ரிட்டயர் ஆயிடுவார்” என்று மனைவி சொன்னாள்.

இவ்வளவு உஷாராக இருப்பவன் ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இல்லை. இணைய இணைப்பு வாங்கிய காலத்தில் அந்தக் கம்பெனி இணைப்போடு ஒரு மின்னஞ்சல் முகவரியும் தந்தது. கடவுச்சொல் ஒன்று வேண்டும் என்றார்கள். மகள் அப்போது சின்னவள். அவளை வீட்டில் நாங்கள் கூப்பிடும் செல்லப் பெயரையும் அவள் பிறந்த வருடத்தையும் சேர்த்து அடித்தேன். எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். என் மைத்துனருக்கு அவர் பையன் பெயர். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரருக்கு இரட்டைப் பெண்கள். இரண்டு பெயரையும் ஒட்டி வைத்திருக்கிறார். பிற்பாடு காஸ் பதிவு, மின் கட்டணம், ரயில் டிக்கெட், ஆன்லைன் கடை, டியூஷன் தேர்வு என்று யார் கேட்டாலும் அதையேதான் கொடுத்தேன். மறக்காது என்பது ஒரு காரணம். அதை அடிக்கும்போதெல்லாம் அவள் முகம் ஒரு நொடி வந்துபோகும் என்பது இன்னொரு காரணம். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வேண்டிய அளவுக்கு எழுதித் தொலைத்தாயிற்று.

போன வருடம் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். வராதவர்களுக்குப் பதிலாகக் காத்திருப்பவர்களைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று கம்பெனியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பூந்தமல்லியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு இடம் பிடித்திருந்தோம். வீட்டுக் கூடத்தில் பாதி அடுக்கிய பெட்டி திறந்தபடி கிடந்தது.

வியாழக்கிழமை காலை, ஷிப்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன் லேப்டாப்பில் வழக்கம்போல ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். ஒரு மெயில். அனுப்பியவர் இடத்தில் என் முகவரி. பெறுபவர் இடத்திலும் என் முகவரி. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் என் மகளின் செல்லப் பெயர், அவள் பிறந்த வருடத்தோடு.

வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாத பெயர் அது. கல்லூரித் தோழிகளுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

உள்ளே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உன் கம்ப்யூட்டருக்குள் பல மாதமாக இருக்கிறேன். அதன் கேமரா வழியாக உன்னைப் பதிவு செய்திருக்கிறேன். நீ எந்தத் தளங்களுக்குப் போனாய், அப்போது என்ன செய்தாய், எல்லாம் என்னிடம் இருக்கிறது. நான் கேட்கும் பணத்தை நான் சொல்லும் வழியில் அனுப்பாவிட்டால் உன் முகவரிப் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் அந்த வீடியோ போகும். நான் உன் கணக்குக்குள்தான் இருக்கிறேன் என்பதற்கு அனுப்பியவர் முகவரியே சாட்சி.

‘நீ’ என்று அவன் சொன்னது என்னை இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த லேப்டாப்பை நான் காலையில் சிறிது நேரம் தொடுவதோடு சரி. மீதி நேரமெல்லாம் அது மகளின் அறையில், அவள் கட்டில்மேல் இருக்கும். கேமராவின் சின்னக் கண்ணாடி கட்டிலைப் பார்த்தபடி இருக்கும்.

முகவரிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் மேலாளர், என் அண்ணன், மைத்துனர், குடியிருப்புச் சங்கச் செயலாளர், அவள் படித்த பள்ளி. ஒவ்வொருவரும் அதைத் திறப்பதை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். மெயில் தானாக அழிந்துபோனால் ஆதாரம் போய்விடும் என்று ‘இது ஸ்பாம் அல்ல’ பொத்தானை அழுத்தி அதை இன்பாக்ஸுக்குக் கொண்டுவந்தேன். பிறகு குளியலறைக் கண்ணாடியில் மனைவி ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் பெரியதாக ஒன்றைப் பிய்த்து வந்து கேமராமேல் ஒட்டினேன்.

வேலைக்குப் போகவில்லை. எஸ்டேட் வரை போய், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனில் அந்த மெயிலுக்குப் பதில் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக. ‘ஐயா, என் மகள் குழந்தை மாதிரி. அவள் அறியாமல் ஏதாவது செய்திருந்தால் தயவுசெய்து மன்னித்து விட்டுவிடுங்கள். அவள் வாழ்க்கை இப்போதுதான் தொடங்குகிறது.’

அனுப்பிய மறுநொடி போன் அதிர்ந்தது. புது மெயில். திறந்தால், நான் எழுதிய அதே வரிகள். ஐயா, என் மகள் குழந்தை மாதிரி. ஒரு எழுத்துகூட மாற்றாமல் எனக்கே திருப்பி அனுப்பியிருந்தான். அவன் என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். கண்ணெதிரே உட்கார்ந்து நான் பேசியதை நீட்டி முழக்கிப் பேசிக் காட்டுவதுபோல இருந்தது. டீக்கடையில் யார் யார் போனைப் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும்தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியமே வீடு திரும்பினேன். மகள் கூடத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“லேப்டாப்புக்கு யாருப்பா பொட்டு வெச்சது? ஆயுத பூஜைக்குக்கூட இன்னும் நாள் இருக்கே.”

“அதை இங்க குடு.”

“ஒரு நிமிஷம்ப்பா, பிஜி அக்காவுக்கு…”

“குடுன்னு சொன்னேன். போனையும் குடு. ஓசூருக்குப் போக வேண்டாம்.”

அவள் சிரித்தபடி நிமிர்ந்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

“ஏன்னு சொல்லுப்பா. ஏன்னு சொல்லாம எப்படி?”

ஏன் என்று எந்த வாயால் சொல்வது? நீ கேமராவுக்கு முன்னால் என்ன செய்தாய் என்று ஒரு தகப்பன் எப்படிக் கேட்பது? சமையலறையிலிருந்து வந்த மனைவி கரண்டியோடு நின்றாள். மகள் போனையும் லேப்டாப்பையும் சோபாவின்மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேசாமல் கொடுத்ததையே நான் ஒரு ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

போனை எப்படித் திறப்பது என்பது எனக்குத் தெரியும். அவளும் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தாள். காட்டுப்பாக்கத்தில் ஏதோ ஒரு கடையில் தோழிகளோடு எடுத்த படங்கள். ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு பையனின் முழங்கை. அந்த முழங்கையை வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்தேன். அழைப்புகளில், பெயர் இல்லாமல் ஒரே ஒரு எழுத்தாகப் பதிந்த எண் ஒன்று அடிக்கடி வந்திருந்தது. மொட்டை மாடிக்குப் போய் என் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல்.

“சொல்லுங்க, ரூம் வேணுமா? சிங்கிள் இல்ல, ஷேரிங்தான்.”

ஓசூரில் மகள் தங்கப்போகும் பிஜி விடுதியின் பொறுப்பாளர், அவள் சொன்ன அந்த அக்கா. நான் அப்பா என்றதும், “ஞாயித்துக்கெழம வந்துடுறால்ல? பீரோவுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிக் குடுத்தனுப்புங்க சார். இங்க யாரையும் நம்ப முடியாது” என்றார். அவர் குரலில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றுதான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தோம். மகள் சாப்பிட வந்தாள், போனாள். மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

“ஏங்க, எதையோ மறைக்கிறீங்க. அவளும் அழறா, நீங்களும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க. பணத்த எதுலயாவது போட்டு விட்டுட்டீங்களா?”

“இல்ல.”

“வேற ஏதாவதா?”

“வேற என்ன?”

“எனக்கென்ன தெரியும். போன் அடிச்சா தூக்கிவாரிப் போடுது உங்களுக்கு. மாடிக்கு ஓடுறீங்க.”

நான் மகளைச் சந்தேகப்பட்டேன், மனைவி என்னைச் சந்தேகப்பட்டாள். எங்களை இப்படி ஆட்டி வைக்கும் அவன் எங்கேயோ உட்கார்ந்து இதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து டிவியைக்கூடத் துணி போட்டு மூடினேன்.

போலீஸுக்குப் போனால் நாலு பேர் அந்த வீடியோவைப் பார்ப்பார்கள். யாரிடமும் சொல்லாமல் இருந்தால் அவன் அனுப்பிவிடுவான். இதற்கு நடுவில் எனக்கு ஒரே ஒருவன்தான் நினைவுக்கு வந்தான். ஆவடியில் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். எங்களுக்கு இணைப்பு தந்த கம்பெனியிலேயே மெயில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்குத் தலைவன். தன்னைப் பற்றித் தானே பெருமையாகப் பேசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே நாலைந்து வருடமாக அவனைப் பார்ப்பதைத் தவிர்த்து வந்தேன். சனிக்கிழமை காலை அவன் அலுவலகத்துக்குப் போனேன்.

“வாடா மச்சான்! இன்னா, பேயறஞ்ச மாரி கீற? குந்து மொதல்ல.”

கதவைச் சாத்தச் சொன்னேன். போனை அவனிடம் நீட்டினேன். ‘இது என் மகளைப் பற்றி’ என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவன் படித்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாதியிலேயே என்னைப் பார்த்தான்.

“இது எந்தப் பொட்டில இருந்துச்சு?”

“ஸ்பாம்ல.”

“ஸ்பாம்னு எழுதி ஓரமா வெச்சிகீறோம். அத நோண்டி எட்து, படிச்சு, நம்பி, ஊட்ல கலாட்டா பண்ணிகினு வந்துகீற. கரெக்ட்டா?”

“என் ஐடில இருந்தே வந்திருக்குடா. உள்ள பூந்துட்டான்.”

“டேய், நாளைக்கு நான் ஒரு கவர் எட்து, அனுப்புநர்னு ஒம்பேர எழுதி, ஒனக்கே போஸ்ட் பண்றேன். நீ எழுதுனதா ஆயிடுமா? நெஜமாவே உள்ள பூந்துருந்தா அவன் எதுக்குடா வெளிய நின்னு ஒம்பேர்ல அனுப்பணும்?”

நான் பதில் எழுதியதையும் அது அப்படியே திரும்பி வந்ததையும் சொன்னேன். அவன் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். தோள் குலுங்கியது.

“அனுப்புனது யாரு? ஒன் ஐடி. நீ ரிப்ளை அமுக்குனா அது எங்க போவும்? ஒங்கிட்டயேதான வரும்? நீயே ஒனக்குக் கடுதாசி போட்டு, நீயே படிச்சு, நீயே பயந்துகீற மாமே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் கம்பெனியைக் காப்பாற்றுவதற்காக இப்படிப் பேசுகிறானோ என்றும் ஓர் எண்ணம் ஓடியது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினான். என்னையே கடவுச்சொல்லை அடிக்கச் சொல்லி, அந்த மெயிலில் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத வரிகளை என் கணக்கிலேயே திறந்து காட்டினான். மேலே என் முகவரி இருந்தது. அதற்குக் கீழே எண்களும் புரியாத சொற்களுமாகப் பல வரிகள்.

“மேல கீறத எவன் வேணா எழுதலாம். இந்த வரி கீது பாரு, இத எழுதுறது எங்க மெஷினு. எங்க வாசல்ல வந்து தட்டுனது யாரு, எந்த நாட்டு நம்பருன்னு. எங்க பேர்ல மெயில் அனுப்ப எந்தெந்த மெஷினுக்கு உரிமன்னு நாங்களே வெளிய ஊருக்கெல்லாம் தெரியற மாரி எழுதி வெச்சிகீறோம். இவன் அதுல இல்ல. ஃபெயில்னு போட்டுகீது பாரு. இந்த நம்பர மத்த கம்பெனிக்காரனும் கெட்ட நம்பர்னு எழுதி வெச்சிகீறான். நாங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம்.”

“அப்பறம் ஏன் உள்ள விட்டீங்க? வாசல்லயே தொரத்த வேண்டியதுதானே?”

“நெறய பேரத் தொரத்தறோம், அது ஒனக்குத் தெரியவே தெரியாது. ஆனா கொஞ்சம் சந்தேகமா கீறதயும் சேத்துத் தொரத்துனா, எம்பொண்ணு காலேஜு லெட்டர் எங்கடான்னு ஒன்ன மாரி ஒருத்தன் போன் போட்டுக் கத்துவான். அதுக்குத்தான் தனிப் பொட்டி. நீ கேஜ் வெச்சு அளந்து பாத்து, டவுட்டா கீற பீஸ ஓரமா வெக்க மாட்ட? அத எட்து வண்டில மாட்டுவியா?”

மாட்ட மாட்டேன். அப்படி ஓரமாக வைத்ததை யாராவது எடுத்து மாட்டினால் நான் சும்மா விடமாட்டேன்.

“இன்னொண்ணு பாரு” என்றான். “எங்ககிட்ட ஆளே இல்லாத ஐடி கொஞ்சம் கீது. யாருக்கும் குடுத்ததில்ல, எங்கயும் எழுதுனதில்ல. சும்மா பொறி மாரி வெச்சிகீறோம். அதுக்கெல்லாம் இதே மெயிலு வந்துகீது. ஆள் இல்லாத ஊட்டுக் கதவத் தட்டி, குடும்பத்தோட வந்துருங்கன்னு கல்யாணப் பத்திரிக வெக்கறவன் சொந்தக்காரனாவா இருப்பான்?”

“அப்போ எல்லார் மெயிலையும் படிக்கிறீங்களா?”

“நாங்க எங்கடா படிக்கறோம்? மெஷினு படிக்குது.”

“அது இன்னும் மோசமில்லயா?”

“ஒனக்கு டீ சொல்றேன் இரு” என்றான்.

டீ வந்தது. நான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்கத்தான் வந்திருந்தேன். “அந்தப் பேரு அவனுக்கு எப்படிடா தெரியும்? அது எங்க வீட்டுக்குள்ள மட்டும் இருக்கற பேரு.”

அவன் தன் சொந்த மெயிலைத் திறந்தான். ஸ்பாம் பெட்டி. அதில் அதே கடிதம் இருந்தது. அனுப்பியவர் இடத்தில் அவன் முகவரி. வரிக்கு வரி ஒன்றுதான். பல மாதமாக, கேமரா, அத்தனை பேருக்கும். தலைப்பில் மட்டும் என் மகள் பெயருக்குப் பதிலாக அவன் மகன் பெயரும் ஒரு வருடமும்.

“எம்பையன் பேரு. நானும் ஒரு காலத்துல அததான் எல்லா எடத்துலயும் போட்டுகினு இருந்தேன். எவனோ ஒரு கடைக்காரன் சைட்ட ஒடச்சு மொத்தமா அள்ளிகினு போய்ட்டான். மெயில் ஐடி ஒரு பக்கம், பாஸ்வேர்டு ஒரு பக்கம். அத வாங்கி ஒருத்தன் எல்லாருக்கும் ஒரே லெட்டர அனுப்புறான். அவனுக்கு ஒம்பொண்ணத் தெரியாதுடா. அது ஒரு பேருன்னுகூடத் தெரியாது. அவனுக்கு அது வெறும் எழுத்து.”

அது வெறும் எழுத்து என்று அவன் சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அப்படி இல்லை. டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

“உனக்கு வந்தப்ப நீ என்ன பண்ண?” என்று கேட்டேன்.

“நானா? நான் இன்னா, மூலைல குந்திகினு அழுதேனா? பாத்தவொடனே தெரிஞ்சு போச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “யார்ட்டயும் சொல்லாத. அன்னிக்கு ராத்திரி பையன் போன எட்து ஒரு வாட்டி பாத்தேன். பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாத்தேன். ஒரு இதுக்கு.” சட்டென்று நிமிர்ந்தான். “சரி, கெளம்பு. மொதல்ல பாஸ்வேர்ட எல்லா எடத்துலயும் மாத்து. ஒண்ணுக்கொண்ணு வேற வேறயா. இந்த ‘ஸ்பாம் இல்ல’ன்னு அமுக்கறத வுடு. நீ அமுக்க அமுக்க, இவனுக்கு இதெல்லாம் வேணும் போலன்னு மெஷினு நெனச்சுக்குது. முக்கியமா பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு.”

வீட்டுக்கு வந்து மனைவியையும் மகளையும் கூடத்தில் உட்காரச் சொன்னேன். மகளின் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பில் மெயிலைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன். சொல்ல வேண்டியதை முன்னும் பின்னுமாகச் சொன்னேன். மனைவிதான் முதலில் பேசினாள்.

“அய்யோ, இதுதானா? நான் வேற என்னென்னமோ நெனச்சுட்டேன். இந்த மூஞ்சிக்கு எவ வந்திருப்பான்னும் யோசிச்சேன்.”

மகள் படித்துக்கொண்டிருந்தாள். முதல் சில வரிகளிலேயே லேசாகச் சிரித்தாள். “இது எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு வந்துச்சுப்பா. ஸ்க்ரீன்ஷாட் போட்டு ஓட்டிட்டு இருந்தாங்க.” அப்படியே அதற்குக் கீழே போனாள். கீழே நான் எழுதிய பதில் இருந்தது. அதை நான் அழிக்க மறந்திருந்தேன். இல்லை, அழிக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதில் தவறாக எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அவள் அதை மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இது யாருன்னே தெரியாதவன். அவன்கிட்ட நான் தப்பு பண்ணியிருப்பேன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கியேப்பா.”

“பயத்துல எழுதிட்டேம்மா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

எழுந்து போய்ப் பெட்டியில் மீதித் துணியை அடுக்க ஆரம்பித்தாள். அவள் போகிறாள் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மடித்து வைக்க நானும் உட்கார்ந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மடித்ததை மட்டும் எடுத்து மறுபடி மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி பஸ் நிலையத்தில் கூட்டம். ரோட்டின் நடுவில் நிற்கும் மெட்ரோ தூண்களைச் சுற்றி வண்டிகள் ஊர்ந்ததால் எங்கள் ஆட்டோ வந்து சேரவே தாமதமாகிவிட்டது. மனைவி தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். பெட்டியைப் பஸ்ஸின் அடியில் ஏற்றிவிட்டு நானும் மகளும் தனியாக நின்றோம். பெட்டி அடுக்கியதற்குப் பிறகு முதல்முறையாக அவளாகவே பேசினாள்.

“ஒண்ணு கேக்கட்டாப்பா?”

“கேளும்மா.”

“அந்த மெயில் பொய்யின்னு தெரிஞ்சதும் என்னை அனுப்புற. ஒருவேள அது நெஜமா இருந்திருந்தா? எவனோ எனக்கே தெரியாம என்னைப் படம் எடுத்து வெச்சிட்டு மிரட்டியிருந்தா? அப்பவும் என்னத்தானே ரூமுக்குள்ள உக்கார வெச்சிருப்ப?”

நான் வாயைத் திறப்பதற்குள் நடத்துனர் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டி, “ஓசூர், கிருஷ்ணகிரில்லாம் ஏறு, ஏறு” என்று கத்தினார். மனைவி பாட்டிலோடு ஓடிவந்தாள். “பஸ் கெளம்புது, ஏறும்மா” என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டிவிட்டு ஏறினாள். ஜன்னல் வழியாக அம்மாவுக்குக் கை காட்டினாள். எனக்கும்தான் காட்டியிருப்பாள், நாங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். ஆனால் அன்று அதையும் நான் அம்மாவுக்கு மட்டும் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அது நல்ல பதிலாக இல்லை. நிஜமாக இருந்திருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன். போனைப் பிடுங்கியிருப்பேன். வேலைக்குப் போக வேண்டாம் என்றிருப்பேன். அவனிடம் கெஞ்சியிருப்பேன், அவளிடம் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன். கெடுதல் செய்தவன் வெளியே எங்கேயோ இருக்க, என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த அவளைத்தான் பிடித்து வைத்திருப்பேன். பஸ் நிலையத்திலிருந்து ரோட்டுக்கு வருவதற்குள் இது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. நடுவழியில் நின்றுவிட்டேன். மனைவி என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

ஆட்டோ கிடைக்கவில்லை. ஒரு கடையின் நிழலில் நின்றபடி மகளைக் கூப்பிட்டேன். நீண்ட நேரம் மணி அடித்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள். பின்னால் பஸ்ஸின் இரைச்சல்.

“சொல்லுப்பா.”

“நீ கேட்டியே. அப்பவும் உன்னத்தான்மா உக்கார வெச்சிருப்பேன். இப்ப யோசிச்சா அப்படித்தான் பண்ணியிருப்பேன்னு தெரியுது. அது தப்பு. இனிமே எது வந்தாலும் மொதல்ல உங்கிட்ட வரேன். எவன் எதச் சொன்னாலும்.”

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இருந்தது.

“அம்மா பக்கத்துல இருக்காளா?”

“இருக்கா.”

“இருக்கும்போதே இத சொன்னியா?”

“ஆமாம்மா.”

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளியா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவளே, “பிஜி அக்கா சொன்ன பூட்ட வாங்கிக் குடுக்க மறந்துட்டியேப்பா. அங்க போய் வாங்கிக்கறேன், வை” என்றாள்.